கடைசி கியர் டயரில் இருக்கிறது

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. வண்டி ஏறும் வழியோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். பாதை என்று பெயர். உண்மையில் புரண்டு கிடக்கும் பாறைகளும் மழைநீர் அறுத்த பள்ளங்களும்தான். அங்கே ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர்களின் வேலையை அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஏற்றம் தொடங்கும் முன்பே சின்ன லிவரை இழுத்து லோ கியரில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆக்சிலரேட்டரை மிதிப்பதே அபூர்வம். வண்டி ஆள் நடக்கும் வேகத்தில், ஒரே சீரான சத்தத்தோடு, பாறைக்குப் பாறை ஏறிக்கொண்டே இருக்கும்.

அதே வம்சத்து ஜீப் ஒன்றைச் சமவெளி நகரத்தில் பாருங்கள். புதுப் பெயிண்ட், முன்னால் வின்ச், கீழே 33 அங்குல மட் டயர். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் மேம்பாலம் ஏறும்போது ஃபோர்த்திலிருந்து தேர்டுக்கும், தேர்டிலிருந்து செகண்டுக்கும் இறங்கி, கரும்புகை கக்கித் திணறும். “என்ஜினில் இழுவை போச்சு” என்று பம்ப்பைப் பிரிப்பார்கள், நாஸிலை மாற்றுவார்கள். என்ஜினில் கோளாறே இருக்காது. இழுவையைத் தின்றது டயர்.

கியர் என்றால் கியர்பாக்ஸில் இருப்பது மட்டும்தான் என்று நினைக்கிறோம். என்ஜினின் முறுக்கு விசை கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃப்ரன்ஷியலில் உள்ள கிரவுன் பினியன் என்று மூன்று இடங்களில் பெருகி வருகிறது. நான்காவதாக டயருக்கு வரும்போது அதன் அரைவிட்டத்தால் வகுபடுகிறது. டயர் பெரிதாக ஆக, தரையைத் தள்ளும் விசை குறையும். ஆகவே டயர்தான் வண்டியின் கடைசி கியர். அன்று ஜீப்பைச் செய்தவர்கள் இதைத் தெரிந்து செய்தார்கள். இன்று ஜீப்பை மாற்றுகிறவர்களில் பலர் இதைப் பார்ப்பதில்லை. இந்த எண்பது வருட மாற்றத்தில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

அன்று: கணக்குப் போட்டுச் செய்த வண்டி

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் கால் டன் வண்டி கேட்டபோது, வில்லிஸ் நிறுவனத்தின் பலம் அதன் என்ஜின். டெல்மர் ரூஸ் என்ற பொறியாளர் பழைய கார் என்ஜின் ஒன்றைத் திருத்தித் திருத்தி 60 குதிரைத் திறனுக்குக் கொண்டுவந்தார். ‘கோ டெவில்’ என்று பெயர் பெற்ற அந்த 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், நிமிடத்துக்கு 2000 சுற்றில் சுமார் 142 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தந்தது. இன்றைய சின்ன டர்போ கார் ஒன்று இதைவிட அதிகம் தரும்.

அந்தச் சிறிய விசைக்கு ஏற்ற டயராக 6.00-16 என்ற ஒல்லி டயரைக் கொடுத்தார்கள். உயரம் ஏறக்குறைய 28 அங்குலம், அகலம் ஆறு அங்குலம். கிரவுன் பினியன் விகிதம் 4.88. முதல் கியர் 2.67, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 1.97. மூன்றையும் பெருக்கினால் சுமார் 25.7 வரும். முதல் கியரில் லோ போட்டால் என்ஜினின் முறுக்கு விசை 25 மடங்குக்கு மேல் பெருகிச் சக்கரத்துக்குப் போகும் என்று பொருள்.

போர் முடிகிற 1945இல் அதே நிறுவனம் உழவர்களுக்கென்று சிஜே-2ஏ ஜீப்பைக் கொண்டுவந்தது. என்ஜின் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் வேலை வேறு. ஏர் இழுக்க வேண்டும், மணிக்கணக்கில் மெதுவாக ஊர வேண்டும். என்ஜினைப் பெரிதாக்கவில்லை, டயரையும் பெரிதாக்கவில்லை, கியர்களைத்தான் மாற்றினார்கள். கிரவுன் பினியனை 4.88இலிருந்து 5.38 ஆக்கினார்கள். கியர்பாக்ஸின் முதல் கியரையும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியரையும் இன்னும் தாழ்த்தினார்கள், அதாவது விகித எண்ணைக் கூட்டினார்கள். பிறகு வந்த ஜீப்புகளில் இந்த எண்கள் 2.80, 2.46, 5.38 என்று நிலைத்தன. பெருக்கினால் 37.

இந்த 37 என்ன செய்யும் என்பதைத் தரையில் வைத்துப் பார்ப்போம். 28 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர் நகரும். என்ஜின் 1000 சுற்றில் ஓடினால் சக்கரம் நிமிடத்துக்கு 27 சுற்று. மணிக்கு 3.6 கிலோமீட்டர். வயதானவர் நடக்கிற வேகம். அந்த வேகத்தில் என்ஜின் திணறாது, கிளட்சைப் பாதி மிதித்துப் பிடிக்க வேண்டியதில்லை, இறக்கத்தில் பிரேக்கை நம்ப வேண்டியதில்லை. மலைப்பாதையில் பழைய ஜீப் சம்பாதித்த பெயரெல்லாம் இந்த ஒரு பெருக்கலில் இருக்கிறது.

அந்த ஒல்லி டயருக்கும் காரணம் உண்டு. நம் மலைச் சேற்றில் பெரும்பாலும் மேலே ஒரு சாண் களி, அடியில் கெட்டித் தரை. ஒல்லி டயர் களியை அறுத்துக்கொண்டு கீழே இறங்கிக் கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் களியின் மேலேயே மிதந்து வழுக்கும். பாலைவன மணலுக்கு அகலம் நல்லது. ஏலக்காய்க் காட்டுக்கு ஒல்லி நல்லது. பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் கொண்டை ஊசி வளைவில் டிரைவரின் தோள்பட்டை தப்பியதும் அந்த ஒல்லி டயரால்தான்.

நம் ஊரில்: என்ஜின் மாறியது, எண்கள் தங்கின

1940களின் இறுதியில் மும்பை மசகானில் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பிறகு உயரமான பானெட் கொண்ட சிஜே-3பி இங்கேயே தயாராகி, அமெரிக்காவில் 1968இல் நின்ற பிறகும் இங்கே பல காலம் ஓடியது. பானெட் உயர்ந்ததற்குக் காரணம் அழகல்ல, உள்ளே இருந்த ‘ஹரிகேன்’ என்ஜின் உயரமானது என்பதே. அது 155 நியூட்டன் மீட்டர் வரை தந்தது.

பெட்ரோல் விலை ஏறியதும் டீசல் வந்தது. முதலில் டிராக்டர் வழி வந்த மெதுவான என்ஜின். 1980களில் பெஜோ நிறுவனத்தின் எக்ஸ்டிபி 4.90 என்ற 2.1 லிட்டர் டீசல். எம்எம் 540 என்று நாம் அறிந்த ஜீப்பில் இருந்தது அதுதான். 62 குதிரைத் திறன், 121 நியூட்டன் மீட்டர். கவனியுங்கள்: முறுக்கு விசை 1941 வில்லிஸைவிடக் குறைவு. வண்டியோ அதைவிடக் கனம். ஆனாலும் அந்த ஜீப் தோட்டத்துக் கூலிக்காரர்களையும் தேயிலை மூட்டைகளையும் ஏற்றி மலை ஏறியது. தாழ்ந்த கியரும் சின்ன டயரும் அந்தக் குறையை ஈடுகட்டின.

நம் பழைய ஜீப்புகளின் டிஃப்ரன்ஷியலில் பெரும்பாலும் மூன்று எண்களில் ஒன்று இருக்கும்: 5.38, 4.88, 4.27. பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல் என்றால் 5.38. 8க்கு 39 என்றால் 4.88. 11க்கு 47 என்றால் 4.27. பழைய மெக்கானிக்குகள் பல்லை எண்ணிப் பார்த்துத்தான் உதிரிபாகம் வாங்குவார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய டிஃப்ரன்ஷியல் வாங்கப் போகிறவர் இன்றும் அப்படித்தான் எண்ண வேண்டும்.

இன்று: டயர் முதலில், கணக்கு பிறகு

இன்று பழைய ஜீப்பை வாங்கிப் புதுப்பிக்கும் இளைஞர்கள் நிறையப் பேர். அது மனதார மகிழ வேண்டிய விஷயம். இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகள் உயிர் பெறுகின்றன. ஆனால் முதலில் வாங்குவது டயராக இருக்கிறது. 31 அங்குலம், இல்லாவிட்டால் 33.

28க்குப் பதில் 31 போட்டால் விட்டம் கிட்டத்தட்ட 11 சதவீதம் கூடும். 5.38 கிரவுன் பினியன் உள்ள வண்டி அன்றிலிருந்து 4.86 உள்ள வண்டி போல நடந்துகொள்ளும். அதாவது 1945இல் வில்லிஸ் நிறுவனம் டிஃப்ரன்ஷியலில் கொடுத்ததை, டயர்க் கடையில் ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். 33 போட்டால் அது 4.56 ஆகும். வேகமானி 50 காட்டும்போது 31 அங்குல வண்டி உண்மையில் 55இல் போய்க்கொண்டிருக்கும்.

மேம்பாலத்தில் திணறிய வண்டியின் கணக்கையும் பார்த்துவிடலாம். பெஜோ என்ஜின், 5.38 விகிதம், ஆட்களோடு ஒன்றரை டன் எடை, நூறு அடிக்கு எட்டு அடி உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். டாப் கியரில், வழியில் வீணாவது பத்து சதவீதம் போக, 28 அங்குல டயரில் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 168 கிலோ. ஏற்றத்துக்கு 120, டயர் உருள 22, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு ஒரு 19 என்று தேவை 161 கிலோ. நூலிழையில் ஏறிவிடும். அதே வண்டிக்கு 33 அங்குலம் போட்டால் கிடைப்பது 142 கிலோ. ஏற முடியாது, கியரை இறக்கியே ஆக வேண்டும். பம்ப் நாஸிலைக் கழற்றி என்ன பயன்?

இழப்பு இதோடு நிற்பதில்லை. கனமான டயரைச் சுழலவைக்கவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும். டிரம் பிரேக் பிடிக்கும் விசை அப்படியே இருக்க, டயரின் அரைவிட்டம் நீண்டுவிட்டதால் வண்டி நிற்கும் தூரம் கூடும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். கிங் பின், வீல் பேரிங், ஆக்ஸில் ஷாஃப்ட் எல்லாம் வடிவமைத்தவர் நினைத்ததற்கு மேல் சுமை தாங்கும். மலையில் ஆக்ஸில் உடைந்தால் அது இடையூறு மட்டுமல்ல, ஆபத்து.

இத்தனைக்கும் கிடைக்கும் லாபம் என்ன? தரைக்கும் டிஃப்ரன்ஷியலுக்கும் இடையே உள்ள இடைவெளி, டயர் கூடிய அளவில் பாதிதான் கூடும். 31 அங்குலம் போட்டால் ஒன்றரை அங்குலம். 33 போட்டால் இரண்டரை.

பெரிய டயர் சரியாகும் இடம்

பெரிய டயர் எப்போதும் தவறு என்று சொன்னால் அது அரைகுறைப் பேச்சாகிவிடும். பழைய பெட்ரோல் ஜீப்பில் மஹிந்திராவின் 2.5 லிட்டர் டிஐ டீசல் என்ஜினை மாற்றிப் போட்டவர்கள் பலர். தார் டிஐ வண்டியில் இருந்த வடிவத்தில் அந்த என்ஜின் 63 குதிரைத் திறன்தான் தரும். ஆனால் 1500 முதல் 1800 சுற்றுக்குள்ளேயே 182 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 3200 சுற்றில் அதன் முழுத் திறனும் தீர்ந்துவிடும். தாழ்ந்த சுற்றில் நிறைய இழுவை, மேல் சுற்றில் ஒன்றுமில்லை. இந்த என்ஜினோடு 5.38உம் 28 அங்குல டயரும் சேர்ந்தால், டாப் கியரில் 80 கிலோமீட்டரிலேயே என்ஜின் 3200 சுற்றைத் தொட்டுக் கத்தும். அங்கே 31 அங்குல டயர் போட்டால் அதே சுற்றில் 88 வரும். இழுவையும் போதும், காதும் தப்பும். பெஜோ என்ஜினுக்குக் கேடான டயர் டிஐ என்ஜினுக்கு நன்மை. என்ஜின் எந்தச் சுற்றில் இழுக்கிறது என்று பார்த்துத்தான் டயரை முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

புதுக்காலத்து வண்டிகளும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. 2010இல் வந்த மஹிந்திரா தார் சிஆர்டிஇக்கு 247 நியூட்டன் மீட்டர் இருந்தது. டயர் 235/70 ஆர்16, உயரம் 29 அங்குலம். 2020இல் வந்த தார் டீசலுக்கு 300 நியூட்டன் மீட்டர். அதற்கு 255/65 ஆர்18 டயர். உயரம் கணக்குப் போட்டால் சரியாக 31 அங்குலம். பழைய ஜீப்பில் நாம் ஆசைப்பட்டுப் போடும் அதே 31 அங்குலத்தை நிறுவனமே போட்டுத் தருகிறது. ஆனால் அதற்குப் பின்னால் பெஜோ என்ஜினைப் போல இரண்டரை மடங்கு முறுக்கு விசை நிற்கிறது. பெரிய டயர் அந்த வண்டிக்குப் பொருந்துகிறது என்பதால் அதன் தாத்தாவுக்கும் பொருந்தும் என்று முடிவு கட்டக் கூடாது.

அமெரிக்க ஜீப்பிலும் அப்படித்தான். 2018ஆம் ஆண்டின் ராங்லர் ரூபிகான் 33 அங்குல டயரோடு வந்தது. அதோடு லோ கியரை 4 ஆகவும், முதல் கியரை 5.13 ஆகவும், கிரவுன் பினியனை 4.10 ஆகவும் வைத்தார்கள். பெருக்கினால் 84. பழைய சிஜேயின் 37ஐவிட இரண்டு மடங்குக்கு மேல். இவ்வளவு பலமான என்ஜினை வைத்துக்கொண்டும் பெரிய டயருக்கு ஈடாகக் கியரைத் தாழ்த்தினார்கள் என்றால், 121 நியூட்டன் மீட்டரை வைத்துக்கொண்டு நாம் அதை விட்டுவிட முடியுமா?

உங்கள் வண்டியின் எண்ணைக் கண்டுபிடிக்க

பழைய ஜீப்புகள் பல கை மாறி வந்தவை. உள்ளே எந்த கிரவுன் பினியன் இருக்கிறது என்று ஆர்சி புத்தகம் சொல்லாது. திறக்காமலே தெரிந்துகொள்ள வழி உண்டு. சமதளத்தில் நிறுத்தி முன் சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுங்கள். நியூட்ரலில் வைத்துக் கை பிரேக்கை விடுவியுங்கள். பல பழைய ஜீப்புகளில் கை பிரேக் புரொப்பெல்லர் ஷாஃப்டையே பிடிக்கும் என்பதால் இது முக்கியம். பின் சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுத்துவிடுங்கள். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் நிதானமாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற, இன்னொருவர் ஷாஃப்டின் சுற்றை எண்ண வேண்டும். ஐந்து சுற்றுக்கு மேல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட வந்தால் 5.38. ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 4.88. நாலேகால் என்றால் 4.27.

இந்த எண் தெரிந்துவிட்டால் முடிவு எளிது. வண்டியில் 4.88 இருந்து, 31 அங்குல டயர் கட்டாயம் வேண்டுமென்றால் 5.38 தேடுங்கள். இரண்டு மாற்றங்களும் ஏறக்குறைய சரியாக ஒன்றையொன்று ஈடுகட்டும். ஆனால் முன் டிஃப்ரன்ஷியலையும் பின் டிஃப்ரன்ஷியலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் முன் சக்கரமும் பின் சக்கரமும் இருவேறு வேகத்தில் சுழலப் பார்க்கும். கெட்டித் தரையில் அந்த முறுக்கம் டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும். நான்கு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டியதும் இதனால்தான். வண்டியில் ஏற்கெனவே 5.38 இருந்தால் அதற்குக் கீழே தாழ்த்த நம் ஊர் உதிரிபாகங்களில் எளிய வழி இல்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு, அதிலும் பெஜோ என்ஜின் இருந்தால், 28 அங்குலமே சரி.

சட்டமும் நினைவில் இருக்க வேண்டும். நிறுவனம் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. என்ஜின் மாற்றம் போன்றவற்றுக்கு முறையான அனுமதி வேண்டும். பாதுகாப்பு, சட்டம், இழுவை மூன்றும் பழைய ஜீப்பில் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, டயரா கியரா என்று யாராவது கேட்டால், என் பதில் உறுதியானது. பழைய அளவிலேயே நல்ல பட்டை உள்ள புது டயர் நான்கு போடுங்கள். சேற்றிலும் பாறையிலும் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள். தார்ச் சாலைக்கு வந்ததும் திரும்ப நிரப்புங்கள். மிச்சப் பணத்தைப் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் கிங் பின்னுக்கும் செலவிடுங்கள். லோ கியர் சரியாக விழுகிறதா, முன் ஆக்ஸில் உண்மையில் இழுக்கிறதா என்று பாருங்கள். 62 குதிரைத் திறனும் 121 நியூட்டன் மீட்டரும் கொண்ட அந்த வண்டி, அதைச் செய்தவர்கள் கொடுத்த கியரை நாம் பறிக்காதவரை, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு இன்றும் மலை ஏறும்.